நான் மாற்றி வைத்த பொட்டலங்கள்

போன வாரம் நிக்காஹ் வீட்டில் நாம் ஆறு பேரும் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரே சஹன் தட்டைச் சுற்றி முட்டியோடு முட்டி இடிக்கச் சம்மணம் போட்டுச் சாப்பிட்டவர்கள்தாம் நாம். இப்போது கீழே உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு ஆள் வேண்டும். சாப்பாடு முடிந்ததும் உங்களில் ஒருத்தி கைப்பையிலிருந்து பச்சை எண்ணெய்ப் பாட்டில் ஒன்றை எடுத்தாள். இன்னொருத்தி மணிக்கட்டில் போட்டிருந்த செம்புக் காப்பைக் காட்டினாள். மூன்றாமவள், மருமகன் எங்கிருந்தோ வாங்கி வந்த ஒரு பொடியைப் பற்றிச் சொன்னாள். மூன்றே நாளில் மாடிப்படி ஏறிவிட்டாளாம். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள் ஆயிற்றே, இதெல்லாம் கேக்குமா கேக்காதா, ஒரே வார்த்தையில் சொல்லு என்றீர்கள்.

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். மூன்றே நாள் என்று அவள் சொன்னதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அன்று வாயில் வராததை இப்போது எழுதுகிறேன். இதில் பாதி உங்களுக்குத் தெரியும். என் அம்மா அடுப்படியில் மயங்கி விழுந்ததும், நம் தெரு கூடியதும், என்னைப் பற்றிப் பேசியதும் தெரியும். மீதிப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நாம் ஏழாம் வகுப்பு. எங்கள் வீடு தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த சந்தில். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் சுண்ணாம்புத் தொட்டியின் நெடியும், ஆவாரம்பட்டை ஊறுகிற துவர்ப்பு வாடையும் சோற்றில்கூட ஏறும். அத்தாவுக்கு அங்கேதான் வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவர் நகங்கள் செம்மண் நிறத்திலேயே இருக்கும். அம்மா வீட்டில் இடியாப்பம் பிழிந்து விற்றாள். விடிந்ததும் தொழுகை முடிந்து வருகிறவர்கள் தூக்குவாளியோடு வாசலில் நிற்பதற்குள் ஏழெட்டு ஈடு இறங்கியிருக்கும். எங்களுடையது மர உரல். மாவை அடைத்து, மேல் கட்டையை வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் உடம்புப் பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டும். அவ்வளவு பாரமும் மணிக்கட்டில் போய் இறங்கும்.

அந்த மணிக்கட்டில்தான் முதலில் வலி வந்தது. பிறகு விரல் கணுக்கள். பிறகு முட்டி. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீர்ச் சட்டிக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அம்மா பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பாள். கணுக்கள் வீங்கிச் சூடாக இருக்கும். ஒன்பது பத்து நாள் அப்படி ஆட்டிவிட்டு வலி போய்விடும். மாதம் ஒன்று, ஒன்றரை போகும். மறுபடி வரும்.

வலி வந்த ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு ஒரு வைத்தியம் வந்தது. அத்தாவின் அக்கா, அதாவது என் குப்பி, அடுத்த வீட்டில் இருந்தார். அவருக்கு நொச்சி இலை. இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தால் வாதம் வடிந்துவிடும் என்பார். அத்தாவுக்கு ஆட்டுக்கால் சூப்பு. எலும்பு வலிக்கு எலும்பே மருந்து என்று யாரோ தோல் ஷாப்பில் சொல்லியிருந்தார்கள். முடக்கத்தான் தோசை ஒரு முறை. தர்காவில் ஓதி வாங்கிய எண்ணெய் ஒரு முறை. அகரத்திலிருந்து வரும் பூக்காரி கொடுத்த எருக்கிலைக் கட்டு ஒரு முறை. வலி போனதும் அத்தாவும் குப்பியும் சண்டை போடுவார்கள். நொச்சியால் போச்சு என்பார் குப்பி. சூப்பால் போச்சு என்பார் அத்தா. இருவரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

சாட்சி சொல்லத்தான் நான் எழுதி வைக்கத் தொடங்கினேன். புவியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில், வலி வந்த நாள், கொடுத்த மருந்து, வலி போன நாள். நொச்சிக்கு ஒன்பது நாள். சூப்புக்குப் பத்து நாள். ஓதிய எண்ணெய்க்கு ஒன்பது. ஒரு தடவை குப்பி வீட்டில் கல்யாணம். பந்தலும் விருந்தாளிகளுமாக யாருக்கும் அம்மாவைக் கவனிக்க நேரமில்லை. ஒரு இலைகூட வைத்துக் கட்டவில்லை. அப்போதும் ஒன்பதாம் நாள் வலி போய்விட்டது. மருந்து என்று போட்ட இடத்தில் ‘கல்யாணம்’ என்று எழுதினேன்.

அதை அத்தாவிடம் காட்டினேன். எதைக் கொடுத்தாலும் பத்து நாள், கொடுக்காவிட்டாலும் பத்து நாள் என்றேன். அவர் நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. இப்படி எண்ணிக்கொண்டிருந்தால் பரக்கத்தும் விருத்தியும் போய்விடும் என்று சொல்லி என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார்.

இப்போது எனக்கு அது புரிகிறது. நம் மூட்டு வலி தானாக ஏறித் தானாக இறங்குகிற ஜாதி. அது உச்சியில் நிற்கும்போதுதான் நாம் பதறி மருந்து தேடி ஓடுகிறோம். உச்சிக்குப் போனது அப்புறம் இறங்கத்தானே செய்யும். இறங்குகிற நேரத்தில் எது கையில் இருந்ததோ அதற்குப் பெயர் வந்துவிடுகிறது. பதினோரு வயதில் நான் கண்டுபிடித்தது சரிதான். ஆனால் அரைகுறையான சரி. அந்த அரைகுறை அம்மாவின் உயிரை வாங்கியிருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடு வந்த வலி பத்தாம் நாள் போகவில்லை. இருபதாம் நாளும் போகவில்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. அம்மாவால் தலைமுடியைப் பின்ன முடியவில்லை. நான் பின்னிவிட்டேன். சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். இடியாப்ப உரல் பரண்மேல் ஏறிவிட்டது. பக்கத்துத் தெரு டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றில் நெருப்பு வைத்தது. இரண்டு நாளில் அதை நிறுத்திவிட்டார்கள். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் குளிரில், கைலியைப் பிழிய முடியாமல் வாளிக்குள்ளேயே போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

தை பிறந்ததும் அத்தா அவளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு செம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனார். ஊர்ப் பெயர் வேண்டாம். நானும் போனேன். தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு. முன்னால் கொட்டகையில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கைத்தாங்கலாக வந்தவர்கள், மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள். திரும்பிப் போகிறவர்கள் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. வைத்தியர் வெள்ளை வேட்டி கட்டிய சாதுவான மனிதர். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். வலிக்காமல் பிடித்தார், அதுவே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. சுக்கும் அமுக்கராவும் இன்னும் பதினாறு மூலிகையும் சேர்ந்த பொடி என்றார். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். தினம் இரண்டு பொட்டலம், காலையும் சாயங்காலமும் தேனில் குழைத்து. ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார். இங்கிலீஷ் டாக்டர் யாரிடமும் இதைப் பற்றிப் பேசக்கூடாது, பேசினால் மருந்தின் வீரியம் போய்விடும். அத்தா மார்பில் கை வைத்துச் சரி என்றார்.

மருந்து குழைக்கிற வேலை எனக்கு வந்தது. விரலில் ஒட்டியதை நக்கிப் பார்த்தேன். முதலில் சுக்குக் காரம். அது போன பிறகு வேறொரு கசப்பு நாக்கின் அடியில் நின்றது. இலைக் கசப்பு மாதிரி இல்லை. எங்கோ ருசித்ததுபோல் இருந்தது. எங்கே என்று அப்போது நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அம்மா எழுந்து பரணிலிருந்து உரலை இறக்கினாள். தானாகவே இறக்கினாள். நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மாவை அடைத்து அழுத்தினாள். நூல் நூலாகத் தட்டில் விழுந்தது. அத்தா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தார். வாய் துஆவில் அசைந்துகொண்டிருந்தது. அன்று நொச்சியைப் பற்றிக் குப்பிகூடப் பேசவில்லை. நான் நோட்டை எடுத்து ‘பொடி, மூன்று நாள்’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே தோற்றுப்போனதுபோல் இருந்தது.

மாசி, பங்குனி. அத்தா ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது ஒருவரைச் செம்பட்டிக்குக் கூட்டிப்போனார். தோல் ஷாப்பு மேஸ்திரி, ரெட்டியார்சத்திரத்தில் தக்காளி போடும் அத்தாவின் சிநேகிதர், அந்த சிநேகிதரின் மனைவி. எல்லோருக்கும் பொடி கேட்டது.

அம்மா சதை போட்டாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நோய் தெளிந்த உடம்பு இப்படித்தான் பூரிக்கும் என்றார் குப்பி. கன்னம் உருண்டு கண் சிறியதாயிற்று. பிடரியில் திமில் மாதிரி ஒரு மேடு. மேலுதட்டில் பூனை மயிர். கைகால் மட்டும் குச்சியாகவே இருந்தன. அவளுக்கு எந்நேரமும் பசித்தது. கரண்டி பட்ட இடமெல்லாம் முழங்கையில் நீலம் பூத்தது. அடுப்புத் தட்டு சுட்ட புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள், பால்காரரிடம், என்னிடம், குப்பியிடம் வெடுக் வெடுக்கென்று பேசினாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் வாசலில் யாரோ ஒரு பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். விருந்தாளி என்று நினைத்து ஸலாம் சொன்னேன். அம்மா. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்க் கண்ணாடியைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் வைத்தாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் அவள் அத்தாவிடம் போதுமென்று நினைக்கிறேன் என்று சொன்னதைக் கேட்டேன். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போமே என்றாள். அத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“வலியில்லாம இருக்கறது ஒனக்குப் புடிக்கலையா? சொவத்தப் பாத்து அழுதியே, அதுதான் நல்லா இருந்துச்சா?”

அன்று சாயங்காலமும் அம்மா பொடியைச் சாப்பிட்டாள். அவர் கெட்டவர் இல்லை. அம்மா அழுததை அவரும் பார்த்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரம்தான் நம் அறிவியல் டீச்சர் இரண்டு தொட்டியில் அவரை விதை போட்டு, ஒன்றை வெயிலிலும் ஒன்றை அலமாரியிலும் வைத்தது. ஒரு பொருளால்தான் ஒன்று நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அதை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். மற்ற எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்றார். நீங்கள் எல்லோரும் நோட்டில் படம் போட்டீர்கள். நான் படம் போடவில்லை. எங்கள் வீட்டுப் பொட்டலங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணக்கு எளிமையானது. எல்லா மருந்தும் போலத்தான் இந்தப் பொடியும். வலி தானாகப் போயிருக்கிறது, நேரம் பார்த்து இது பெயர் வாங்கிக்கொண்டது. அப்படியானால் இதை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. அம்மாவின் பழைய முகம் திரும்பி வந்துவிடும். அத்தாவுக்குத் தெரியாமல் செய்தால் சண்டையும் இருக்காது.

பரீட்சை முடிந்து லீவு விட்ட முதல் நாள், அம்மா பின்கட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்த நேரத்தில் செய்தேன். பத்துப் பொட்டலம் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, பொடியை என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் கொட்டினேன். வறுத்து இடித்த வெந்தயமும் சுக்குப் பொடியும் கலந்து காகிதத்தில் வைத்து, அதே மடிப்பில் மடித்தேன். அவசரத்தில் இரண்டு பொட்டலம் கோணலாக வந்தது. அவற்றை அடியில் வைத்தேன். சாயங்காலம் குழைத்துக் கொடுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தபடியே வாங்கி விழுங்கினாள்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. ‘வலி இல்லை’ என்று எழுதினேன். எவ்வளவு பெருமை எனக்கு, தெரியுமா.

இரண்டாம் நாள் அவள் உட்கார்ந்துகொண்டே மாவு பிழிந்தாள். அசதியாக இருக்கிறது என்றாள். சித்திரை வெயில், எல்லோருக்கும்தான் அசதி. மூன்றாம் நாள் விடியும்போதே விரல்கள் பூட்டிக்கொண்டன. கை மட்டுமில்லை, இடுப்பு, தோள், கால் எல்லாம் நொறுங்குகிறது என்றாள். சாப்பாட்டைத் தொடவில்லை. மத்தியானம் இரண்டு முறை வாந்தி. வெக்கை அடித்துவிட்டது என்று குப்பி எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்தார். பொடி உண்மையிலேயே மருந்துதான், நான்தான் தப்பு என்று தோன்றியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அத்தா வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து, உண்மையான பொடியை இரண்டு பங்காக அள்ளி, தேனில் குழைத்துக் கொடுத்தேன். விழுங்கிய சற்று நேரத்தில் அவள் அதை அப்படியே வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன். மறுபடி எடுத்தாள். பெட்டிக்குள் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் அடுப்பை மூட்ட எழுந்தவள் தட்டோடு விழுந்தாள். சத்தம் கேட்டுப் போனபோது கண் பாதி திறந்திருந்தது. நெற்றி ஐஸாக இருந்தது. அத்தா கூப்பிட்டதற்கு, எங்கோ தூரத்தில் கேட்கிறவள்போல் உதட்டை மட்டும் அசைத்தாள். சந்தே திரண்டது. பக்கத்துக் கடைக்காரர் வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் தலை என் மடியில் இருந்தது. அந்த உருண்டை முகத்தில் என் அம்மாவைத் தேடிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. கண்ணாடி போட்டவர், ஒல்லியானவர். நாடியைப் பிடித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், மறுபடி பார்த்தார். நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னார். பாட்டில் ஏறியது. அவர் அம்மாவின் முகத்தையும் பிடரியையும் கை நீலங்களையும் பார்த்துவிட்டு அத்தா பக்கம் திரும்பினார். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் அத்தா. நாட்டு மருந்து ஏதாவது? அதுவும் இல்லை என்றார். மூட்டு வலிக்குப் பொடி, லேகியம்? அத்தா இல்லையென்று தலையை அசைத்தார். வைத்தியரிடம் மார்பில் கை வைத்துக் கொடுத்த வாக்கு அது. வீரியம் போய்விட்டால் அம்மா பிழைக்கமாட்டாள் என்று அவர் நம்பினார். குப்பி குனிந்துகொண்டார்.

“பொய் சொன்னீங்கன்னா இந்தம்மாவை என்னால காப்பாத்த முடியாது” என்றார் டாக்டரம்மா. “எதோ சாப்பிட்டிருக்காங்க. எப்ப நிறுத்துனாங்க?”

பாட்டிலில் சொட்டு விழுவது மட்டும் தெரிந்தது.

“நான்தான் மாத்தி வச்சேன்” என்றேன். “பொடிய எடுத்துட்டு வெந்தயத்தப் போட்டேன். இன்னைக்கி நாலாவது நாளு.”

அத்தா என்னைப் பார்த்தார். டாக்டரம்மா என்னை அருகில் இழுத்து, எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எப்போது வாந்தி என்று அடுக்காகக் கேட்டார். நோட்டு இல்லாமலேயே எல்லாம் சொன்னேன். அவர் ஊசி எடுத்துப் போட்டார். மத்தியானத்துக்கு மேல் அம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

சாயங்காலம், எங்கள் வீட்டுக்குப் போய்க் குப்பி எடுத்துவந்த ஜியாமெட்ரி பெட்டியை டாக்டரம்மா திறந்து பார்த்தார். அத்தாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மூலிகையோடு இங்கிலீஷ் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பார்கள் என்றார். அது பெரிய மருந்து, நாங்களே அளந்து பயந்துதான் கொடுப்போம் என்றார். நான்கு மாதம் அதை வெளியிலிருந்து கொடுத்தால், அதே சரக்கைத் தானாகச் சுரக்க உடம்பு மறந்துவிடும். அப்புறம் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் விழும். அத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஆனா அது கேட்டுச்சே டாக்டரம்மா?”

“கேட்டுச்சு. அதனாலதான் நீங்க யாரும் சந்தேகப்படல.”

நாக்கின் அடியில் நின்ற அந்தக் கசப்பு அப்போது எனக்கு நினைவு வந்தது. காய்ச்சலில் மாத்திரை விழுங்கும்போது தொண்டையில் ஒட்டிக்கொண்டு கரையுமே, அந்தக் கசப்பு.

டாக்டரம்மா என்னைக் கொஞ்சவில்லை. போகும்போது தலையில் கை வைத்து, நிறுத்தியதும் தப்பு, சொல்லாமல் மூன்று நாள் இருந்தது அதைவிடத் தப்பு, இன்றைக்குச் சொன்னது மட்டும்தான் சரி என்றார். அந்த அளவு நியாயம்கூட வேறு யாரும் எனக்கு வழங்கவில்லை. பெற்றவளுக்கு விஷம் வைத்தவள் என்று குப்பி தெருவில் சொன்னார். உங்களில் ஒருத்தியின் வீட்டில் அந்த லீவு முழுக்க என்னை உள்ளே விடவில்லை. இப்போது அதைச் சொல்லிக்காட்டவில்லை. பயந்திருப்பார்கள்.

அத்தா மறுவாரம் தனியாகச் செம்பட்டிக்குப் போய்விட்டு, சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமல் திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று அவர் சொல்லப் பல வருஷமாயிற்று. வைத்தியர் மறுக்கவே இல்லையாம். அவருடைய அப்பா காலத்துப் பொடி கேட்க ஆறு மாதம் ஆகும், ஜனங்களுக்குப் பொறுமையில்லை, கொஞ்சம் மாத்திரை சேர்த்தால் அழுகிறவர்கள் சிரித்துக்கொண்டு போகிறார்கள், நானும் என் முட்டிக்கு இதைத்தான் சாப்பிடுகிறேன் என்றாராம். அவர் முகமும் உருண்டையாக இருந்ததை அத்தா அன்றுதான் கவனித்தார். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அத்தா சொல்லப் பார்த்தார். கால் மடங்காத ஒரு பெரியவர்தான் முதலில் அவர் சட்டையைப் பிடித்தது. “ஒம் பொண்டாட்டி நாலு மாசம் நடந்தால்ல, நாங்க நடக்க வேணாமா” என்று கேட்டாராம். எனக்கு இன்றும் அது கஷ்டமான கேள்விதான்.

அதன் பிறகு அவர் செய்த காரியம் எனக்குப் பிடிக்கும். தான் கூட்டிப்போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொன்னார். திடீரென்று நிறுத்தாதீர்கள், முதலில் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றார். பலர் சண்டைக்கு வந்தார்கள். தக்காளிக்கார சிநேகிதர் அப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

அம்மாவுக்கு அந்த மருந்தையே மாத்திரையாகக் கொடுத்து, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்தார் டாக்டரம்மா. முகம் இறங்கியது. அம்மா கண்ணாடியை மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்தாள். வலியும் திரும்பி வந்தது. அதற்கென்று வேறு மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அது மெதுவாகத்தான் கேட்டது, முழுசாகவும் கேட்கவில்லை. விரல்கள் கொஞ்சம் கோணிவிட்டன. இடியாப்பத்துக்கு இரும்பில் திருகு வைத்த உரல் ஒன்று வாங்கினோம். நான் திருகினேன், அவள் தட்டைப் பிடித்தாள்.

நொச்சி ஒத்தடம் வைக்கலாமா என்று குப்பி பயந்து பயந்து கேட்டபோது, சூடு சுகமாக இருந்தால் தாராளமாக வையுங்கள், அதிலேயே நோய் போய்விடும் என்று நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. குப்பி கடைசிவரை ஒத்தடம் வைத்தார். வைக்கும்போது அம்மாவின் முகம் இளகும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அது பொய்யில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண்ணெய் வைத்திருப்பவளே, தேய்த்துக்கொள். தேய்க்கிற கைக்கும் சூட்டுக்கும் ஒரு சுகம் உண்டு. காப்பு போட்டிருப்பவளே, அதனால் கெடுதல் இல்லை. நல்லதும் இல்லை என்று நினைக்கிறேன். மூன்று நாளில் மாடி ஏறியவளே, உன்னைப் பார்த்துத்தான் நான் எழுந்து போனேன். உன் பொடியை எடுத்துக்கொண்டு வா. நாம் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் போவோம். அதுவரை நீயாக நிறுத்தாதே. இரண்டு கன்னமும் உருண்டு நீ அழகாகிவிட்டாய் என்று அன்று எல்லோரும் சொன்னபோது, நான் மட்டும் சொல்லவில்லை.

அம்மா அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தாள். அந்த நாலு நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. நான் மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தபோது குப்பி ஒரு மாதிரி சிரித்தார், அவ்வளவுதான். அத்தா மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு பெருநாள் மத்தியானம், அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அவள் விரல்களுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

“நீ பொட்டலம் மடிச்சத நான் பாத்தேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“மாவு சலிக்கையில பின்கட்டுலருந்து பாத்தேன். எனக்கும் நிறுத்தணும்னுதான் இருந்துச்சு. அந்த மூஞ்சி எனக்குப் பயமா இருந்துச்சு. நான் நிறுத்துனா ஒங்கத்தா விடமாட்டாரு. புள்ளை செஞ்சதா இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். இம்புட்டு ஆகும்னு தெரியல.”

இத்தனை வருஷம் நான் தூக்கிச் சுமந்ததில் பாதி அவளுடையது. தெருவில் குப்பி பேசியபோது அவள் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் நாற்பது வயது தாண்டியவள், எனக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனாலும் அந்த நிமிஷத்தில் எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல் கோபம் வந்தது.

“ஏம்மா அப்பவே சொல்லல?” என்றேன்.

“மொதல்ல பயம். அப்புறம் வெக்கம்” என்றாள். தன் கோணிய விரல்களைப் பார்த்துக்கொண்டு, “அந்த நாலு மாசந்தான் எனக்கு வலியே இல்ல, தெரியுமா” என்றாள்.

நான் அவள் கையை விடவில்லை. அழுத்திப் பிடிக்கத் தோன்றியது, ஆனால் பிடித்தால் அவளுக்கு வலிக்கும்.